ஐந்து மாத ஓய்வுக்குப் பிறகு சங்கத்தைத் திரும்பக் கூட்டுகிறோம், முதற்கூட்டத்தை எப்படித் தொடங்குவது?

வவுனிக்குளத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வவுனிக்குளத்தின் கீழ் உள்ள ஒரு யூனிற்றில், அதாவது குளத்துப் பாசனக் குடியேற்றத்தில், எங்களுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. 64 குடும்பம், மாதச் சந்தா 200 ரூபாய். ஒரு வீட்டில் சாவு என்றால் அன்றைக்கே 30,000 ரூபாயைக் கையில் கொடுப்போம். அதோடு 120 கதிரை, இரண்டு பெரிய சமையல் கிடாரம், தறப்பாள், ஒரு ஜெனரேற்றர் எல்லாம் அந்த வீட்டுக்குப் போகும். 2010இல், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது தொடங்கியது. அப்போது நடந்த முதல் செத்தவீட்டுக்கு வந்த சனம் இருக்க ஒரு கதிரைகூட இல்லாமல், ஐ.நா. அகதிகள் நிறுவனமான யு.என்.எச்.சி.ஆர். தந்த தறப்பாளை நிலத்தில் விரித்து இருந்ததாம். அந்த வெட்கத்தில் பிறந்த சங்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சித்திரைக் கூட்டம் முடிந்தால் எங்களுக்கு ஓய்வு. திரும்பப் புரட்டாதியில்தான். சிறுபோகம் ஒரு பக்கம், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் மடுத் திருவிழா, இடையில் ஊர்க்கோயில் திருவிழா. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வெயில். எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்குத் தகரக் கூரை. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பின்னேரம் 3 மணிக்கு அதற்குக் கீழே இருந்து பாருங்கள், சந்தா என்ன, சீவனே வேண்டாம் என்று போய்விடும். ஆக, இந்த ஓய்வு எங்களுக்குப் பழக்கமானதுதான்.

இந்த வருடம் சித்திரையில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பழைய செயலாளருக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. எனக்கு வயது 33. சங்கத்தில் என்னைவிட இளையவர் ஒருவர்தான், அவரும் ஒலிபெருக்கி கட்டுகிற வேலைக்காகச் சேர்க்கப்பட்டவர்.

போன ஞாயிறு களஞ்சிய அறையைத் திறந்தோம். ஒரு கிடாரத்துக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தறப்பாளின் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. 120 கதிரையில் 113தான் காலோடு நின்றன. இதெல்லாம் பரவாயில்லை. அலுமாரிக்குள் கூட்டறிக்கை எழுதுகிற சீ.ஆர். கொப்பி இருந்தது. அட்டை அப்படியே பளபளவென்று இருந்தது. திறந்தால் உள்ளே மண். கறையான், அட்டையை மட்டும் விட்டுவிட்டு நாலு வருடக் கூட்டத்தைச் சாப்பிட்டுவிட்டது. நான் எழுதிய ஒரே ஒரு கூட்டறிக்கையும் அதோடு போச்சு.

உண்மையான பிரச்சினை வேறு. ஓகஸ்ட் நடுப்பகுதியில் எங்கள் அங்கத்தவர் ஒருவர் காலமானார். அட்டை இலக்கம் 7. சங்கம் தொடங்கிய மாதத்திலிருந்து ஒரு சந்தா பிந்தாதவர். அன்றைக்குப் பொருளாளர் ஊரில் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக வவுனியா போயிருந்தார். களஞ்சிய அறைத் திறப்பு அவரிடம், வங்கிப் புத்தகமும் அவரிடம். போன் வேலை செய்யவில்லை. தலைவரிடம் ஓடினார்கள். அவர், "கூட்டம் நிற்கிற காலம், நான் தனிய என்ன முடிவு எடுக்கிறது?" என்றிருக்கிறார். நான் அரிவு வெட்டுகிற மெசினுக்குப் பின்னால் வயலில் நின்றேன். கதை எனக்கு வரும்போது பின்னேரம்.

போய் இருந்தேன். எங்கள் சங்கத்துக் கதிரைகள் எல்லாம் வெள்ளை. அன்றைக்கு அந்த வளவில் இருந்ததெல்லாம் நீலம், பக்கத்து யூனிற்றில் இரவல் வாங்கியவை. வந்த அத்தனை பேருக்கும் அது விளங்கியிருக்கும். மூத்த மகனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "சங்கம் லீவுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பொருளாளர் மூன்றாம் நாள் வந்து 30,000 ரூபாயை எடுத்தார். மகன் வாங்கவில்லை. காசு இப்போதும் என்வலப்பில் இருக்கிறது.

புரட்டாதி முதல் ஞாயிறு கூட்டம் வைக்க வேண்டும். கூட்டறிக்கை இல்லாமல் எப்படித் தொடங்குவது? ஐந்து மாதச் சந்தா நிலுவையை எப்படிக் கேட்பது? அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? காலமானவரின் அந்தியேட்டிக் கிரியை அடுத்த வியாழன் வருகிறது. சங்கம் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர்:

தம்பி, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) 30 வருடம் கோப்புக் கட்டியவன் என்ற முறையில் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். மூன்றாவது என் இலாகா இல்லை.

ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டு அதுதான் பழைய கூட்டறிக்கை என்று ஒருபோதும் சாதிக்க வேண்டாம். நாளைக்கு ஒரு பிணக்கு வந்தால் அதுவே உங்களுக்குச் சுருக்கு. புதிய கொப்பி ஒன்று வாங்குங்கள். முதலாம் பக்கத்தில், இன்ன திகதி அறையைத் திறந்தபோது பழைய கொப்பி கறையானால் அழிந்திருக்கக் காணப்பட்டது என்று எழுதி, நேரில் கண்ட இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த அட்டையை எறிய வேண்டாம். பிறகு வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், யாராவது போனில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கை மீள எழுதுங்கள். அதைச் சபையில் வாசித்து ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். இனிமேல் ஒவ்வொரு கூட்டமும் முடிந்தவுடன் பக்கத்தைப் படமெடுத்து வைபர் குழுவில் போடுங்கள். கறையான் வைபருக்கு வராது.

சந்தா விடயம். புரட்டாதி என்றால் புழுதி விதைப்புத் தொடங்குகிற நேரம். விதைநெல்லுக்கும் உழவுக் கூலிக்கும் உரத்துக்கும் காசு போய்க்கொண்டிருக்கும். அப்போது 1,000 ரூபாய் நிலுவை என்று வாசலில் மேசை போட்டால் மண்டபத்தில் நீங்களும் பொருளாளரும்தான் இருப்பீர்கள். முதல் நாளில் 200 மட்டும் வாங்குங்கள். மிச்சத்தைக் காலபோக அறுவடை முடிந்து மாசியில் கட்டலாம் என்று தீர்மானம் போடுங்கள். அதுவரை நிலுவையைக் காட்டி எந்த வீட்டுக்கும் உதவி மறுக்கப்படாது என்று அதே தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று. யாப்பில், அதாவது சங்க விதிகளில், கூட்டத்துக்கு ஓய்வு என்று எழுதியிருக்கிறதா, சங்கத்துக்கு ஓய்வு என்று எழுதியிருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் காசு எடுக்கலாம் என்று மாற்றுங்கள். வங்கிக்கு அதற்கான கூட்டறிக்கைப் பிரதி தேவைப்படும், ஆகவே அதை முதற்கூட்டத்திலேயே செய்துவிடுங்கள். பதிவு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம் முதல் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை நிறுவனங்கள் சட்டம் வரை பல வழி உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாங்குளம் டு லண்டன்:

தம்பி, உங்கள் கதையை இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வாசித்தேன். நீலக் கதிரை மனதை விட்டுப் போகவில்லை.

நான் மாங்குளத்தான், வெளிக்கிட்டு நெடுங்காலம். இங்கே ஒரு லொட்ஜில் 11 வருடமாக அங்கத்தவன். லொட்ஜ் என்றதும் அறை வாடகைக்கு விடுகிற இடம் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீமேசன் சகோதரச் சங்கம். பழைய காலத்துக் கல்தச்சர்களின் சொற்களையும் கருவிகளையும் அடையாளமாக வைத்துக்கொண்ட ஆட்கள். மூலைமட்டமும் கவராயமும்தான் சின்னம். 1717 ஜூன் 24இல் லண்டனின் நான்கு லொட்ஜுகள் ஒரு சாராயக்கடையில் கூடிப் பெரிய லொட்ஜ் ஒன்றை அமைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. வேலை செய்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மனிசி ஆறு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கேயும் உங்களைப்போலவே கோடைக்கு ஓய்வு. எங்கள் லொட்ஜ் மே மாதம் கடைசிக் கூட்டம் வைத்தால் திரும்ப செப்டெம்பர் கடைசியில்தான். ஜூலை, ஓகஸ்டில் ஆட்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். இவ்வளவு கனமான கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் இருக்கவும் ஏலாது. அமெரிக்காவில் இந்த மாதங்களை "லொட்ஜ் இருட்டாக இருக்கிறது" என்பார்கள். விளக்கு அணைத்து வைத்திருக்கிறது என்ற கருத்து.

திரும்பத் தொடங்குவதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செயலாளர் ஓர் அழைப்புக் கடிதம் அனுப்புவார். அதற்குப் பெயரே சம்மன். நீதிமன்றச் சம்மன் மாதிரித்தான், நிகழ்ச்சி நிரல் முழுதும் அதில் அச்சாகியிருக்கும். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் யாரும் வரமாட்டார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். நாலு மாதத்தில் எல்லோரும் வசனத்தை மறந்திருப்பார்கள். போன வருடம் நான் வாசல் கதவை மூன்று தரம் தட்ட வேண்டிய இடத்தில் இரண்டோடு நின்றுவிட்டேன், கிழவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு வாசலுக்கு வெளியே வாளோடு ஒருவர் நிற்பார், அவருக்கு டைலர் என்று பெயர். உடுப்புத் தைக்கிறவர் இல்லை. உள்ளே கூட்டம் முறைப்படி திறந்ததும் போன கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவார்கள். கோடையில் யாராவது காலமாகியிருந்தால் பெயரைச் சொல்லி, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் கதிரை இழுக்கிற சத்தம்கூடக் கேட்காது.

உங்களுக்கு நான் சொல்ல வந்த ஆள் அல்மனர். ஒவ்வொரு லொட்ஜிலும் இப்படி ஒருவர் உண்டு. நோயாளிகள், கணவனை இழந்த பெண்கள், நீண்ட நாள் வராதவர்கள் எல்லோரையும் விசாரிப்பதுதான் அவர் வேலை. கூட்டத்துக்கு ஓய்வு உண்டு, அல்மனருக்கு இல்லை. எங்கள் அல்மனர் பழைய தபால்காரர், 78 வயது. ஒரு சின்னக் கொப்பியில் எல்லார் பெயரும் வைத்திருக்கிறார். ஓகஸ்டில் கரவனில் கடற்கரைக்குப் போனால்கூடக் கொப்பி சட்டைப்பையில் இருக்கும். செப்டெம்பரில் அவர் எழுந்து, இன்னாருக்கு ஜூலையில் இடுப்பெலும்பு முறிந்தது, இன்னாரின் மனைவி தனியாக இருக்கிறார், போய்ப் பார்த்தேன், கொதிகலன் வேலை செய்யவில்லை, திருத்திக் கொடுத்தோம் என்று வாசிப்பார். உங்கள் சங்கத்திலும் அப்படி ஒருவரை நியமியுங்கள். தலைவராக இருக்கத் தேவையில்லை. ஊரில் நிற்கிறவராக இருந்தால் போதும். திறப்பும் அவரிடம் இருக்கட்டும்.

சாவுக்குக் காசு கொடுக்கிற உங்கள் வேலைக்கு மேசன்களைவிட நெருங்கிய சொந்தக்காரர் இங்கே உண்டு. ஒட்ஃபெலோஸ் என்று ஒரு சகோதரச் சங்கம், அவர்களுக்கும் லொட்ஜ்தான். அதன் மான்செஸ்டர்ப் பிரிவு 1810இல் தொடங்கியது. சாதாரண வேலையாட்கள் சில பென்ஸ் போட்டுச் சேர்த்து, நோய் வந்தால் படி, செத்தால் அடக்கச் செலவு. இப்படியான சங்கங்களுக்காக 1793இலேயே இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். 1911இல் தேசிய காப்புறுதி, 1948இல் தேசிய சுகாதார சேவை என்று அரசாங்கமே பொறுப்பெடுத்ததும் அந்தச் சங்கங்களின் தேவை குறைந்தது. நம்முடைய ஊரில் செத்தவீட்டுச் செலவை அரசாங்கம் பொறுப்பெடுக்கவில்லை, ஆகவே 200 ரூபாய்ச் சந்தா தொடர்கிறது.

கடைசியாக ஒன்று. லொட்ஜுக்குள் அரசியலும் சமயமும் விவாதிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. உங்கள் முதற்கூட்டத்திலும் போடுங்கள். கட்சிக் கதையும் கோயில் நிர்வாகக் கதையும் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகளோடு இருக்கட்டும்.

பாலைப்பழம்:

லண்டன் அண்ணை, உள்ளே மண்டையோட்டில் இரத்தம் குடிப்பார்கள் என்று யூரியூப்பில் பார்த்தேனே?

மாங்குளம் டு லண்டன்:

கூட்டம் முடிந்ததும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம், அங்கே குடிப்பது சூப். அதிலும் உப்பு இருக்காது. இரவு 9 மணிக்கு, வராதவர்களை நினைத்து ஒரு வாய் குடிப்பது வழக்கம். அந்த நேரத்தில் கடிகார முட்கள் மூலைமட்டம் போல நிற்கும். எனக்கு அங்கே பிடித்த நேரம் அதுதான். நான் யாரை நினைக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

விசுவமடு அக்கா:

தம்பி, ஆண்கள் எல்லோரும் கொப்பி, சட்டம், கடிகாரம் என்று நன்றாகச் சொல்லிவிட்டார்கள். அந்தியேட்டி வியாழக்கிழமை. புரட்டாதிக் கூட்டம் அதற்குப் பிறகு. நீங்கள் கூட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஞாயிறு பின்னேரமே அந்த வீட்டுக்குப் போங்கள். தலைவர், பொருளாளர், நீங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்று ஆம்பிளைகள் வரிசையாகப் போனால் கடன் கேட்க வந்த மாதிரி இருக்கும். மகனோடு படலையில் நின்று கதைக்க வேண்டாம். உள்ளே போய் அந்த அம்மாவோடு இருங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். திறப்பு வவுனியாவில் இருந்தது, போன் வேலை செய்யவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அது தெரியும். அந்தியேட்டிக்கு எத்தனை கதிரை, எத்தனை கிடாரம் என்று மட்டும் கேளுங்கள். என்வலப்பை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

இதைப் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 2018 டிசெம்பர் வெள்ளம் வந்த நேரம் எங்கள் மாதர் சங்கத்துப் பொருட்கள் இருந்த அறைத் திறப்பு ஒருவரிடம், அவர் இடம்பெயர்ந்து பாடசாலையில். அந்தக் கிழமை ஒரு செத்தவீடு. பூட்டை உடைக்க எங்களில் ஒருத்திக்கும் துணிவு வரவில்லை. சங்கத்துப் பூட்டாம். கிடாரம் உள்ளே இருக்க, வந்த சனத்துக்குச் சின்னச் சின்னச் சட்டியில் தேத்தண்ணி வைத்தோம். இப்போது எங்கள் திறப்பு சந்திக் கடையில் ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுக்கலாம், எடுத்தவர் கடைக் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். இன்றுவரை ஒரு கரண்டி தொலையவில்லை.

இன்னொரு கேள்வி. அட்டை இலக்கம் 7 ஐயாவின் பெயரில் இருந்தது. அவர் போய்விட்டார். இப்போது அந்த அம்மா உங்கள் சங்கத்தில் அங்கத்தவரா, இல்லையா? அவவுக்கு ஒன்று நடந்தால் கதிரை போகுமா? போரில் கணவனைக் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் எங்கள் பக்கத்தில் வீட்டை நடத்துகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அட்டையை ஆம்பிளையின் பெயரில் எழுதுகிற பழக்கத்தை முதலில் பாருங்கள்.

வவுனிக்குளத்தான்:

அக்கா, யாப்பை எடுத்துப் பார்த்தேன். "குடும்பத் தலைவர் இறந்தால் அங்கத்துவம் முடிவடையும்" என்று இருக்கிறது. மனைவி புதிதாக விண்ணப்பித்துச் சேர்வுப் பணம் கட்ட வேண்டுமாம். பழைய செயலாளரிடம் கேட்டேன், "அப்படியா இருக்கிறது?" என்று அவரும் ஆச்சரியப்பட்டார். எழுதியவர் அவர்தான்.

இலிகிதர் ஐயா, ஓய்வு பற்றி யாப்பில் ஒரு சொல்கூட இல்லை. நாங்களாகப் பழகிக்கொண்டதுதான்.

வவுனிக்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு போனோம். அம்மாவும் வந்தார். மகன் படலையைத் திறந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா திண்ணையில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுளகை வைத்துவிட்டுப் பொருளாளரிடம் கேட்ட முதல் வார்த்தை: "பிள்ளை பிறந்திட்டுதோ? தாயும் பிள்ளையும் சுகமோ?" பொருளாளருக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்த மனிதன். தலையை மட்டும் ஆட்டினார். பெண்பிள்ளை என்று என் அம்மாதான் சொன்னார்.

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். அந்தியேட்டிக்கு எத்தனை கதிரை என்று நான் கேட்டேன். மகன் கிணற்றடியில் நின்றபடி "60 போதும்" என்றார். புதன் பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் 60 வெள்ளைக் கதிரையும் இரண்டு கிடாரமும் கொண்டுபோய் இறக்கினோம். குளவிக்கூட்டை முதல் நாளே புகை போட்டுக் கலைத்திருந்தேன், கண் இமையில் ஒரு கொட்டு. வியாழன் முழுக்க ஒரு கண்ணோடுதான் சாப்பாடு பரிமாறினேன். அன்று பின்னேரம் மகன் தானாகவே, "அந்தக் காசு அம்மாவிடம் கொடுங்கோ" என்றார். கொடுத்தோம்.

கூட்டம் புரட்டாதி முதல் ஞாயிறு. லண்டன் அண்ணை சொன்னதுபோல நிகழ்ச்சி நிரலை எழுதி வைபரில் போட்டேன். போன் இல்லாத 11 வீட்டுக்குக் கையால் எழுதிக் கொடுத்தேன். தலைப்பில் சம்மன் என்று போடவில்லை, சனம் பயந்துவிடும். 64இல் 43 குடும்பம் வந்தது, சித்திரையில் வந்தது 29. காலமானவரின் பெயரைச் சொல்லி எழுந்து நின்றோம். எங்கள் மண்டபத்தில் கதிரைச் சத்தம் கேட்கத்தான் செய்தது, சீமெந்து நிலம்.

கறையான் விடயத்தை இலிகிதர் ஐயா சொன்ன மாதிரியே முதலாம் பக்கத்தில் எழுதி வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், கறையானும் கையெழுத்து வைக்க வேண்டாமா என்று கேட்டார். நிலுவைக்கு மாசி வரை தவணை. எந்த இருவரும் கையெழுத்திடலாம் என்ற தீர்மானமும் நிறைவேறியது, எதிர்ப்பு இல்லை. சுகதுக்கம் விசாரிக்கிறவர் என்று ஒரு பதவி போட்டோம். அல்மனர் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வளையவில்லை. பழைய செயலாளரைத்தான் நியமித்தோம். கண் தெரியாவிட்டாலும் அவர் ஊரை விட்டு எங்கும் போகமாட்டார், குரலைக் கேட்டே யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுவார். திறப்பு சந்திக் கடை ஆணியில்.

சண்டை வந்த இடம் அட்டை விடயம். அங்கத்துவம் மனைவி பெயரில் தொடரலாம் என்றதும் இரண்டு பேர் எழும்பினார்கள். இன்றைக்கு மனைவி, நாளைக்கு மருமகன் என்றார் ஒருவர். அது அப்படியே பிரதேச சபைத் தேர்தலில் யார் யாருக்கு வேலை செய்தது என்ற கதைக்குப் போகப் பார்த்தது. தலைவர் முதற்தடவையாக மேசையில் தட்டி, "அது செருப்போடு வெளியில்" என்றார். நான் லண்டன் அண்ணையின் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். கடைசியில் கை உயர்த்தி 38 பேர் ஆதரவு. இலக்கம் 7 அந்த அம்மாவின் பெயரில் எழுதப்பட்டது, அதே இலக்கம், சேர்வுப் பணம் இல்லை. எல்லா அட்டையிலும் இருவர் பெயரையும் எழுத வேண்டும் என்ற விசுவமடு அக்காவின் யோசனையை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம், அதைப்பற்றி இன்னும் நிறையக் கதைக்க இருக்கிறது.

கூட்டம் முடிய முறிகண்டிக் கச்சான் கடலையும் தேத்தண்ணியும். 9 மணி வரை யாரும் நிற்கவில்லை, யானை வருகிற வழி.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கூட்டத்துக்கு முன்னம் அந்த வீட்டிலிருந்து வந்த கதிரைகளை இறக்கி எண்ணினோம். 60 கொடுத்தது, 61 திரும்பியிருந்தது. அடுக்கின் நடுவில் ஒரு நீலம். செத்தவீட்டன்று வந்தது, திருப்பிக் கொடுக்கும்போது எங்கோ மூலையில் தவறியிருக்க வேண்டும். சனம் மண்டபத்துக்கு வரத் தொடங்கிவிட்டது. பிறகு கொண்டுபோகலாம் என்றேன். பொருளாளர் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ரியூப் நாடாவால் அதைக் கட்டிக்கொண்டு பக்கத்து யூனிற்றுக்குப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை தொடங்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார். கூட்டம் 20 நிமிடம் பிந்தித்தான் தொடங்கியது. தாமதத்துக்குக் காரணம் எழுதுகிற இடத்தில் "நீலக் கதிரை" என்று எழுதியிருக்கிறேன்.